பூத்தலை அறுத்த நாள்

தேனீக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "பத்துக்கு ஒரு பூவாவது விரியட்டும்மா. அதுக்கப்புறம் ஃபோன் பண்ணுங்க, பெட்டியைக் கொண்டாந்து வச்சுடறேன். அவசரப்பட்டீங்கன்னா தேனீ வேற பூவுக்குப் பழகிடும். வெங்காயப் பூன்னா அதுங்களுக்கு அவ்வளவா பிடிக்காது, தெரியுமில்ல?"

கேட்டேனா? நூற்றுக்கு ஒன்றுகூட விரியவில்லை, ஃபோன் போட்டேன். அவர் தயங்கினார். மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாள் காலையில் மட்டும் மூன்று தடவை. என் தொல்லை தாங்காமல் மனிதர் நான்கு பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வயலோரம் இறக்கினார். "இனிமே உங்க பாடு, தேனீ பாடு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். வரிசையில் நிற்க முடியாது, பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்க முடியாது, யாராவது கதை சொன்னால் முடிவை முதலில் சொல்லு என்பேன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, அவரும் மன்னித்திருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஒருத்தி விதை வெங்காயம் போடலாமா? கூடாதுதான். சாப்பிடுகிற வெங்காயத்தைப் போட்டால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடலாம். விதைக்குப் போடுகிறவள் பூக்கட்டும் என்றே காத்திருக்க வேண்டும். நல்ல முழு வெங்காயமாகப் பொறுக்கி நட வேண்டும், குளிரில் அது உறங்கி எழ வேண்டும், தண்டு இடுப்பளவு நிமிர வேண்டும், அதன் உச்சியில் உருண்டையாக ஒரு பூத்தலை வர வேண்டும். ஒரு தலையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள், எல்லாம் ஒரே நாளில் விரியாது. அதில் தேனீ உட்கார வேண்டும். பிறகு காய், பிறகு காய்க்குள் கறுப்பு விதை. இதில் எந்த வேலையையும் அதட்டி முடிக்க முடியாது. நான் எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

இந்தத் தடவை பல்லைக் கடித்தது போதாது, உயிரையே கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் வெள்ளை வெங்காய விதை வாங்குவது ஒரு விதைக் கம்பெனி. முதல் தடவை காய் முற்றுவதற்குள் அவசரப்பட்டு அறுத்துவிட்டேன். ஈரக் காகிதத்தில் நூறு விதை போட்டுப் பார்த்தார்கள், ஐம்பத்திரண்டுதான் முளைத்தது. இரண்டாம் தடவை முளைப்பு அருமை. ஆனால் அதை விதைத்து வளர்த்துப் பார்த்தபோது நூற்றுக்கு எட்டு சிவப்பாக வந்தது. வெள்ளை என்று எழுதிய பையில் சிவப்பு! ஒரு வருஷம் என்னை ஒதுக்கி வைத்தார்கள். இந்தப் பருவத்துக்கு மறுபடி சேர்த்தபோது கம்பெனி சூப்பர்வைசர் சொன்னார்: "அக்கா, இதுதான் கடைசி. இதுவும் தப்பினா உங்க பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. நான் சொல்லி நிறுத்த முடியாது."

சந்தைக்கு வெங்காயம் அனுப்பி எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். அனுப்பினால் அன்றைக்கே யாரோ நறுக்கித் தின்றுவிடுவார்கள், கதை முடிந்தது. விதை அப்படியில்லை. நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு ஆள், ஏதோ ஒரு நிலத்தில், என் விதையைப் போட்டு, மண்ணை விலக்கி வெள்ளை வெளேரென்று ஒரு வெங்காயத்தை எடுத்து, "நல்ல விதைப்பா" என்று பக்கத்து ஆளிடம் காட்டுவான். அதை நினைத்தால் எனக்கு மனசு நிறையும். என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே வேலை இதுதான். அதையும் பிடுங்கிவிட்டால் நான் எதற்காகக் காலையில் எழுந்திருப்பது?

சிவப்பு எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விதை வயலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வேறு வெங்காயம் பூக்கக் கூடாது. தேனீ அதில் உட்கார்ந்து இதில் உட்கார்ந்தால் போதும், விதை கலந்துவிடும். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் வெங்காயம் போட்டிருந்த ஒரே ஆள் என் நாத்தனார். எங்கள் வரப்பைத் தாண்டினால் அவள் வயல், வயலைத் தாண்டினால் அவள் வீடு. கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் பாப்பா. நாற்பத்து மூன்று வயதுப் பாப்பா. பூ மொட்டு தெரிந்தால் கிள்ளிவிடு என்று சொல்லியிருந்தேன், அவளும் கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள். ஏதோ ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. நேராகப் போய் அவள் அடுத்த பருவத்துக்குப் போட்டிருந்த சிவப்பு வெங்காயப் பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கி அவள் வாசலில் கொட்டினேன். நரம்பில்லாத நாக்கு என்னென்னவோ பேசியது. "பொறாமை பிடிச்சவ" என்றது. "கூடவே இருந்து குழி பறிக்கிறியா" என்றது. அன்றிலிருந்து பேச்சு இல்லை, இரண்டு வருஷம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன், அவர் போய்த் தங்கையிடம் சொல்வார், அவள் பதிலை வாங்கிக்கொண்டு வருவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்த வருஷம் பாப்பா கொத்தமல்லி போட்டிருந்தாள். நான் தேனீப் பெட்டிகளை வரவழைத்தபோது அது பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் என்ன? பெட்டி வாடகை என்னுடையது, தேனீக்கு விருந்து அவள் வயலில்.

பெட்டி வந்த ஏழாம் நாள், சூப்பர்வைசர் பதினோரு மணிக்கு வயல் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் வயலில் போய் நின்றேன். இருபத்து நான்கு பாத்தி. நான்கில் ஒரு தலைக்குப் பூ விரிந்திருந்தது. ஒரு பாத்தியில் எத்தனை தேனீ என்று எண்ணினேன், ஆறு. அடுத்த பாத்தியில் நான்கு. வரப்புக்கு அந்தப் பக்கம் ரீங்காரம் காதைத் துளைத்தது.

"வேணும்னேதான் போட்டிருக்கா" என்றேன், பின்னால் வந்து நின்றவரிடம்.

"மல்லி போடறதுக்கு உங்கிட்ட கையெழுத்தா வாங்கணும்? அவ ஏன் வேணும்னு பண்ணப்போறா?"

"உங்க தங்கச்சின்னா மட்டும் உங்களுக்கு வாய் வந்துடும்."

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். எனக்கு உள்ளங்கால் அரித்தது. வரப்பில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன், பெட்டியின் வாசலில் குனிந்து பார்த்தேன், மறுபடி நடந்தேன். அப்போதுதான் கவனித்தேன். பெட்டியிலிருந்து கிளம்பும் தேனீக்களில் கொஞ்சம் மல்லிக்கும் போகவில்லை, என் வயலுக்கும் வரவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்துப் போயின. வீட்டில் என்ன பூ இருக்கிறது? விறுவிறுவென்று பின்னாலேயே போனேன்.

கொல்லையில் துணி துவைக்கும் கல், அதை ஒட்டித் தண்ணீர் பீப்பாய். பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே கல்வாழை புதராக மண்டிக் கிடக்கும். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும், யாரும் எட்டிப் பார்க்காத இடம். இலையை விலக்கினேன். மூன்று வெங்காயத் தண்டுகள். மூன்றிலும் பெரிய பெரிய பூத்தலைகள், முக்கால்வாசி விரிந்து, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுத் தேனீ.

வெங்காயப் பூவில் நிறம் தெரியாது. வெள்ளைக்கும் அதே பூ, சிவப்புக்கும் அதே பூ. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். ஈர மண்ணோடு வந்தது. மண்ணைத் துடைத்தேன். சிவப்பு.

தலையை நிமிர்த்தினேன். நேர் மேலே என் சமையலறை ஜன்னல். அடி பாவி! நறுக்க எடுக்கும்போது முளைவிட்டதோ அழுகினதோ வந்தால், குப்பைக்குழி வரை நடக்கப் பொறுமையில்லாமல், நான் ஜன்னல் வழியாக வீசி எறிவேன். ஒரு நாளா இரண்டு நாளா, வருஷக்கணக்காக. ஊரில் இருக்கிற விதை வெங்காயக்காரி யாராவது இந்தக் காரியம் செய்வாளா? ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவளையெல்லாம் மிரட்டி வைத்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நானே பூ வளர்த்திருக்கிறேன்.

காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர். என் கையிலிருந்த சிவப்பு வெங்காயத்தைப் பார்த்தார். என்ன இது என்று கேட்கவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. அவர் கேட்காததுதான் எனக்குச் சுருக்கென்றது.

"இந்தப் பக்கம் நான் பாக்கல" என்றார் மெதுவாக. "குப்பைக்குழியில மட்டும்தான் பாத்தேன்."

"குழியில எதுக்குப் பாத்தீங்க?"

அவர் விலகிக் கிடந்த கல்வாழை இலையைச் சரிசெய்தார்.

"ஏங்க, எதுக்குப் பாத்தீங்கன்னு கேக்கறேன்ல?"

"போன தடவை இங்க ஒண்ணு நின்னுச்சு. பீப்பாய்க்கு இந்தப் பக்கம். பூத்து முடிஞ்சு காய் பிடிச்சிருந்துச்சு. பிடுங்கிப் பாத்தேன், சிவப்பு. ஒத்தச் செடி, அதனால என்ன ஆயிடப்போகுதுன்னு குப்பைக்குழியில புதைச்சுட்டேன். அது மறுபடி முளைக்குதான்னுதான் குழியைப் பாத்தேன்."

"எப்போ?"

"நம்ம விதைல சிவப்பு வந்திருக்குன்னு சொன்னாங்கல்ல? அதுக்கு முன்னாடியே."

எனக்குக் கணக்குப் புரியச் சற்று நேரமானது. "அப்போ நான் பாப்பா பாத்தியைப் பிடுங்கினப்போ? நீங்க வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நீ அன்னிக்கு இருந்த இருப்புல நான் வாயைத் திறக்க முடியுமா? திறந்திருந்தா வீட்ல கூரை மிஞ்சியிருக்குமா?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பாத்தேன். நாள் ஆக ஆக சொல்லவே முடியல."

இந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். தெருவே கூடியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர், என் வாய்க்குப் பயந்து, அவளை என்னிடம் விட்டுக்கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார். என்னோடு ஒரே கூரையில் இருபது வருஷம் இருந்த மனிதனுக்கு என்னைக் கண்டால் இவ்வளவு பயம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது.

அவர் என் பக்கத்தில் குனிந்தார். "பதினோரு மணிக்குத்தானே வர்றாரு. புதைச்சுடலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடலாம். அவரு வயலைத்தான் பாப்பாரு, கொல்லைக்கா வரப்போறாரு?"

பொய் சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் நினைத்தேன். மண்வெட்டியை எடுத்து முழங்கை ஆழத்துக்குக் குழிகூட வெட்டிவிட்டேன். மூன்று செடியையும் போட்டு, மண்ணைத் தள்ளக் காலைத் தூக்கினேன். அப்போது ஒரு நினைப்பு வந்தது. மண்ணை மூடலாம், விதையின் வாயை மூட முடியாது. ஆறு மாதம் கழித்து அவர்கள் விதைத்துப் பார்ப்பார்கள், சிவப்பு வரும். அப்போது யார் மேல் பழி போடுவேன்? பாப்பா தோட்டத்தில் இப்போது வெங்காயமே கிடையாது. ஆனாலும் என் வாய் யாரையாவது தேடிப் பிடித்துவிடும், எனக்கு என்னைத் தெரியாதா? குழிக்குள் கையை விட்டு மூன்று செடியையும் வெளியே எடுத்தேன்.

சூப்பர்வைசர் வந்ததும் வயலுக்குக் கூட்டிப்போகவில்லை, கொல்லைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலைக் காட்டினேன், செடியைக் காட்டினேன், போன தடவைச் சிவப்பும் இங்கிருந்துதான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயதுதான் அவருக்கு, ஆனால் வேலையில் கறார்.

"நீங்க சொல்லலைன்னா நான் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டேன்க்கா."

"தெரியும். பேரை எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடுங்க. இழுத்தடிக்காதீங்க, எனக்குத் தாங்காது."

"கொஞ்சம் பொறுங்க" என்றார். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வயலுக்குப் போய் நாலைந்து பாத்தியில் குனிந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தேன். திரும்பி வந்து சொன்னார்: "முக்கால்வாசித் தலை இன்னும் மூடித்தான் இருக்கு. மூடின பூவுல கலப்பு வர வழியில்ல. விரிஞ்சதை மட்டும் எடுத்துட்டா மீதியை நான் ஏத்துக்கறேன். ஒரே ஒரு பூ விரிஞ்சிருந்தாலும் அந்தத் தலை போகணும். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன். எந்தப் பாத்தியிலயாவது விரிஞ்ச தலை ஒண்ணு என் கண்ணுல பட்டாலும், மொத்த வயலும் போச்சு. சரியா?"

"சரி" என்றேன். அவர் செருப்பைப் போடுவதற்குள் நான் கத்தரிக்கோலோடு முதல் பாத்தியில் இருந்தேன்.

முதலில் விரிகிற தலைதான் பெரிய தலை. நல்ல வெங்காயம், நல்ல தண்டு, கைமுட்டி அளவுக்குப் பூ. இதில் எவ்வளவு விதை பிடிக்கும் என்று தினமும் வந்து தடவிப் பார்த்தவள் நான். அதைத்தான் இப்போது தேடித் தேடிக் கழுத்தை வெட்ட வேண்டும். ஒவ்வொரு தண்டாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், மேல் பக்கம் மூடியிருக்கும், அடியில் ஒரு பூ விரிந்திருக்கும். வெட்டிய தலை கீழே விழுந்து கிடக்கக் கூடாது, இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டு, பை நிறைந்தால் ஓரத்தில் இருக்கும் சாக்கில் கொட்ட வேண்டும். தண்டின் சாறு கையெல்லாம் வழிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, எனவே நன்றாகவே அழுதேன்.

மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பாத்தி முடிந்திருந்தது. பதினைந்து பாக்கி. என் வீட்டுக்காரர் நிதானமாக, ஆனால் ஒன்றையும் விடாமல் வெட்டிக்கொண்டு வந்தார். நான் வேகமாக வெட்டி, விட்டதைத் தேடி மறுபடி திரும்பி வந்தேன். இரண்டு பேரும் கடைசியில் ஒரே வேகம்தான். எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது, ஆறு மணிக்குள் முடியாது.

அப்படியிருந்தும் நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வரப்பைத் தாண்டினேன். உதவி கேட்கப் போகவில்லை. அந்த மூஞ்சி எனக்கு ஏது? வெட்டுகிற ஒவ்வொரு தலைக்கும் அவள் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, சொல்லாமல் இன்னொரு பாத்தியைத் தொட என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பாப்பா வாசலில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசி நின்றது. "அண்ணி?" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

"ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன். அப்புறம் நீ என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன்" என்று, ஜன்னலில் ஆரம்பித்துக் கொல்லைவரை ஒரே மூச்சில் கொட்டினேன். "உன் பாத்தியைப் பிடுங்கினது தப்பு. உன்னைப் பேசினதெல்லாம் தப்பு. சிவப்பு என் வீட்டுது."

அவள் சாக்கை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "அப்போ என்னோடதுலேருந்து இல்லையா?"

"இல்ல."

"நிச்சயமாவா அண்ணி?"

"நிச்சயமா."

"ரெண்டு வருஷமா யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்" என்றாள். "எந்த மூலைல எந்தச் செடியை விட்டேன்னு. தினமும் ரெண்டு வேளை பாத்துப் பாத்துத்தான் கிள்ளினேன். அப்படியும் ஒண்ணு கண்ணு தப்பியிருக்கு, என்னால அண்ணி பொழப்பு போச்சேன்னு எத்தனை நாள் தூங்கல தெரியுமா? அதுக்கப்புறம் இந்த மண்ணுல ஒரு வெங்காயம் வைக்கல. கடையில வாங்கறேன். வாங்கினதுல முளைவிட்டது இருந்தா அடுப்புல போட்டு எரிச்சுடறேன். மல்லி போட்டா உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுன்னுதான் மல்லி போட்டேன்."

பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. அவள் எரித்தாளாம், நான் ஜன்னல் வழியாக வீசினேன். "பாப்பா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என் வாய்க்கு வார்த்தை வராமல் போனதை அவளே அதிசயமாகப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரியுமா?"

நான் யோசிக்கவில்லை. "தெரியாது. அவருக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்பவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். என்னை அவள் இழந்து இரண்டு வருஷம் ஆகிறது, புதிதாக ஒன்றும் குறையப்போவதில்லை. அவரையும் ஏன் இழக்க வேண்டும்? அவர் வாயை அடைத்ததும் நான்தானே?

"நீங்க போங்க அண்ணி" என்றாள், என்னைப் பார்க்காமல். போனேன்.

பத்தாவது பாத்தியில் பாதி வந்திருப்பேன். பக்கத்துப் பாத்தியின் மறுமுனையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. பாப்பா ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எது போகணும், எது இருக்கணும் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டாள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் மொட்டு கிள்ளியதை நினைத்து நினைத்துப் பார்த்தவளின் கண் அது, ஒன்று தப்பவில்லை. மூன்று பேரும் மூச்சு விடாமல் வெட்டினோம். சாக்குகள் நிறைந்தன. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தரைக்கு மூன்று பாத்தி பாக்கி. ஒன்றில் நான் இருந்தேன். அடுத்ததில் அண்ணனும் தங்கையும் எதிரெதிர்ப் பக்கம்.

"அண்ணே" என்றாள் பாப்பா, வெட்டிக்கொண்டே. "அண்ணியை இதுக்காக ஒண்ணும் சொல்லாதே. அவங்களே வந்து சொன்னாங்க, அது போதும். உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ அன்னிக்கே ஓடி வந்து எங்கிட்ட சொல்லியிருப்பே. எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தரிக்கோல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். கண்ணாலும் சொன்னேன், வேண்டாம், வாயைத் திறக்காதீங்க. இருபது வருஷத்தில் என் கண்ணுக்கு எதிராக அவர் ஒரு குழம்புக்கு உப்புகூடக் கேட்டதில்லை.

கத்தரிக்கோலை மண்ணில் வைத்தார். "எனக்குத் தெரியும் பாப்பா. அன்னிக்கே தெரியும். எங்க கொல்லையில நின்ன சிவப்பைப் பிடுங்கிப் புதைச்சதே நான்தான்."

அவள் போய்விடுவாள், அரை மணியில் மூன்று பாத்தி எங்கள் இருவரால் ஆகாது, வயல் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வெங்காயத்தை எங்க வாசல்ல கொட்டினப்போ நீ வரப்புல நின்னே" என்றாள்.

"ஆமா."

"அண்ணி கத்தினது எதுவும் என் காதுல விழல. நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க அண்ணன் இப்போ ஏதாவது சொல்லும், இப்போ சொல்லும்னு."

"பயமா இருந்துச்சு பாப்பா" என்றார்.

பாப்பா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வரப்பைப் பார்த்துத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக என் பாத்திக்கு வந்தாள். "நகருங்க அண்ணி, இந்தப் பக்கம் நான் பாக்கறேன்" என்று என் எதிரில் குந்தி வெட்ட ஆரம்பித்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை, கை நிற்கவில்லை. அவள் விட்டுவிட்டு வந்த பாத்தியை அவர் தனியாக முடித்தார். கடைசிப் பாத்தியில் நாங்கள் இருவரும் இறங்கியபோது சூப்பர்வைசரின் வண்டி தெருமுனையில் திரும்பியது.

கடைசி நான்கு செடியை நான் வெட்டும்போது சூப்பர்வைசர் முதல் பாத்தியில் குனிந்துவிட்டார். ஒவ்வொரு பாத்தியாக வந்தார். தண்டுகளை விலக்கினார், அடியில் பார்த்தார். இருபத்து நான்காவதில் நிமிர்ந்து, தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "மீதியைக் காப்பாத்துங்கக்கா. வயல் தேறிடுச்சு" என்றார். தாளை வாங்கிய என் கை சாற்றில் பிசுபிசுத்தது.

அவர் புறப்படும்போது பாப்பாவைப் பார்த்தார். "ரெண்டு பேரால முடியாதேன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். இவங்க யாரு, சாரோட சொந்தமா?"

"இல்ல" என்றாள் பாப்பா, என் தோளைத் தொட்டு. "இவங்களுக்கு நாத்தனார்."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு குனிந்து, நிறைந்த சாக்குகளின் வாயை ஒவ்வொன்றாகக் கட்டினார்.